ஸ்ட்ரைக்குக்கு உடனே 30: பௌலிங்கின் புதுக் கணக்கை ஆடிப் பார்த்ததில்

லேன் என்ற நீண்ட தளத்தில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துப் பின்களைத் தள்ளும் பௌலிங்கில், ஒரே பந்தில் பத்தும் விழுந்தால் 30 புள்ளி. அடுத்த பந்து எங்கே போனது, அதற்கடுத்த பந்தில் எத்தனை விழுந்தது என்று காத்திருக்க வேண்டியதே இல்லை. உலக பௌலிங் கூட்டமைப்பு முன்வைத்த இந்தப் புள்ளி முறையை, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாங்கள் வழக்கமாக ஆடும் மையத்தில், லேன் கணினியிலேயே மாற்றித் தருகிறார்கள். கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை, கவுண்டரில் சொன்னால் போதும். கொஞ்ச காலமாகவே அக்கா குடும்பத்தோடு போகும்போதும் லீக் நண்பர்களோடு பயிற்சிக்குப் போகும்போதும் இதை ஆடிப் பார்த்து வருகிறேன், கூடவே வேறு சில கணக்குகளையும் தாளில் எழுதி ஆடிப் பார்த்தோம். பௌலிங் டிவியில் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது, கணக்கை மாற்றினால்தான் விறுவிறுப்பு வரும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கணக்கு தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்துக்கு 10 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், மிச்சம் இரண்டாவது பந்தில் விழுந்தால் ஸ்பேர், அப்போதும் ஏதாவது நின்றால் அது ஓபன். ஓபனுக்கு விழுந்த பின்கள் மட்டும்தான் புள்ளி. ஸ்பேருக்கு 10-உடன் அடுத்த ஒரு பந்தில் விழுவதும் சேரும். ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்துகளில் விழுவது சேரும். பத்தாவது ஃப்ரேமில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ வந்தால் கூடுதல் பந்து கிடைக்கும். இப்படித் தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் போட்டால் 300, அதற்கு மேல் இல்லை. 1895-இல் நியூயார்க்கில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் தொடங்கி, ஊருக்கு ஒரு விதி என்று இருந்ததை ஒழுங்குபடுத்திய மரபில் வந்த கணக்கு இது.

இதில் புதியவர்கள் தடுமாறுவது எங்கே என்று யாரையாவது முதல் தடவை அழைத்துப் போனால் உடனே தெரிந்துவிடும். அக்கா மகன் ஸ்ட்ரைக் போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துத் திரும்பினான், திரையைப் பார்த்தால் கட்டம் காலியாக இருக்கிறது. "மாமா, எல்லாத்தையும் தள்ளிட்டேன், ஏன் நம்பர் வரல? அக்காவுக்கு ஏழு விழுந்ததுக்கே ஏழுன்னு காட்டுச்சே!" அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் அடுத்த முறை வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பையனுக்கு மட்டும் வரும் குழப்பம் இல்லை இது. மையத்துக்கு வந்து வருடக்கணக்கில் ஆடும் பெரியவர்களிலேயே பலர் கணினி காட்டுவதை நம்பி ஆடுகிறார்களே தவிர, பென்சிலும் தாளும் கொடுத்தால் கணக்குப் போடத் தெரியாது.

புதுக் கணக்கு இந்தக் குழப்பத்தை ஒரேயடியாகத் தீர்க்கிறது. ஸ்ட்ரைக் என்றால் 30. ஸ்பேர் என்றால் 10, அதோடு அதே ஃப்ரேமின் முதல் பந்தில் விழுந்தது. முதலில் 9 விழுந்து பிறகு ஸ்பேர் என்றால் 19, முதலில் 3 என்றால் 13. ஓபனில் மாற்றம் இல்லை. பத்தாவது ஃப்ரேமில் கூடுதல் பந்து கிடையாது, அதனால் 10 ஸ்ட்ரைக்கிலேயே 300 வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் அப்போதே முடிந்து எண்ணாகத் திரையில் நிற்கும். அக்கா மகன் ஸ்ட்ரைக் போட்ட மறுவிநாடி 30 என்று வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குடும்பத்தோடு, பிறந்தநாளுக்கு, அலுவலக நண்பர்களோடு போகிறவர்கள் தயங்காமல் இதைக் கேட்டு வாங்கி ஆடலாம். யார் முன்னால் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் எப்போதும் தெரிகிறது, அதனாலேயே பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பது குறைந்து எல்லாரும் லேனைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதே நாளில் ஒரு குறையும் கண்ணில் பட்டது. அக்கா மகள் முதல் பந்தை லோங்காங்கில், அதாவது லேன் ஓரத்துக் கட்டரில், விட்டுவிட்டு, இரண்டாவது பந்தில் பத்தையும் தள்ளினாள். பழைய கணக்கில் அது ஸ்பேர்தான், அடுத்த பந்து நன்றாக விழுந்தால் 18, 19 என்று போகும். புதுக் கணக்கில் 10-உடன் பூஜ்யம் சேர்ந்து வெறும் 10. முந்தைய ஃப்ரேமில் ஒன்பதைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பின்னைத் தவறவிட்டவளுக்கு 9 கிடைத்தது, இப்போது விழுந்து எழுந்து பத்தையும் தள்ளியதற்கு ஒரே ஒரு புள்ளி அதிகம். இதே சிக்கல் மேல் மட்டத்திலும் உண்டு: முதல் பந்தில் எட்டு விழுந்து 7-10 ஸ்ப்ளிட் நின்று, அதாவது இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பின் நின்று, அதை ஸ்பேர் ஆக்கினால் 18. நடுவில் நின்ற ஒற்றைப் பின்னைத் தட்டினால் 19. வாழ்நாளில் எப்போதாவது விழும் ஸ்ப்ளிட்டுக்குச் சாதாரண ஸ்பேரைவிட ஒரு புள்ளி குறைவாகக் கொடுக்கும் விதியை என்னால் மனதார ஏற்க முடியவில்லை.

சரி, விறுவிறுப்புக்கு வருவோம். இந்த மாற்றத்தின் நோக்கமே அதுதான். 1988 சோல் ஒலிம்பிக்ஸில் காட்சி விளையாட்டாக வந்துபோன பௌலிங், பதக்கப் போட்டியாக உள்ளே நுழைய நீண்ட காலமாக முயல்கிறது. டோக்கியோ 2020-க்குப் புதிதாகச் சேர்க்க 2015-இல் எட்டு விளையாட்டுகளைக் குறும்பட்டியலில் வைத்தார்கள், அதில் பௌலிங்கும் இருந்தது. கடைசியில் ஐந்து தேர்வானபோது பௌலிங், ஸ்குவாஷ், வுஷு மூன்றும் வெளியே நின்றன. ஸ்குவாஷ் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்குள் நுழைந்துவிட்டது, பௌலிங் இன்னும் வெளியேதான். 1978 பாங்காக்கில் ஆசிய விளையாட்டில் முதன்முதலில் இடம்பிடித்த இந்த விளையாட்டு, ஹாங்சோவில் பட்டியலிலேயே இல்லை. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் பௌலிங் இருந்ததையும், ஆஸ்திரேலியாவின் காரா ஹனிசர்ச் மூன்று தங்கம் வென்றதையும், ஆண்கள் இரட்டையரில் நம் கென்னி ஆங், பென் ஹெங் ஜோடி தங்கம் எடுத்ததையும் நினைத்துப் பார்க்கிற தலைமுறைக்கு இந்த இறக்கம் வலிக்கத்தான் செய்யும். பார்க்கிறவருக்குப் புரியாத கணக்குதான் தடை என்று முடிவு செய்து, புரிகிற கணக்கைக் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது. ஆனால் புரிவதும் விறுவிறுப்பும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இரண்டு பேர் ஆடுகிறார்கள், இரண்டு பேருக்கும் ஐந்து ஸ்ட்ரைக், ஐந்து ஸ்பேர், ஒவ்வொரு ஸ்பேரிலும் முதல் பந்தில் 9. முதல் ஆள் முதல் ஐந்து ஃப்ரேமிலும் ஸ்ட்ரைக்கை அடுக்கிவிட்டு, பிறகு ஐந்து ஸ்பேர் போடுகிறார். இரண்டாம் ஆள் ஸ்ட்ரைக், ஸ்பேர், ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார். இருவருக்கும் கடைசிக் கூடுதல் பந்தில் 9. பழைய கணக்கில் முதல் ஆளுக்கு 234, இரண்டாம் ஆளுக்கு 199. புதுக் கணக்கில் இருவருக்கும் 245, சமன். அந்த 35 புள்ளி எங்கே போனது? தொடர்ச்சிக்குக் கிடைத்த வெகுமதி அது. ஸ்ட்ரைக்குக்கு மேல் ஸ்ட்ரைக் போடும்போது ஒவ்வொன்றும் முந்தையதையும் உயர்த்திக்கொண்டே போகும். மூன்று தொடர்ந்து வந்தால் டர்க்கி என்று பக்கத்து லேன்காரர்கூட கை தட்டுவது அதனால்தான். புதுக் கணக்கில் மூன்றாவது ஸ்ட்ரைக்கும் ஏழாவது ஃப்ரேமில் தனியாக வரும் ஸ்ட்ரைக்கும் ஒரே விலை. நான்கு ஸ்ட்ரைக் தொடர்ந்து போட்டு ஐந்தாவதுக்குப் பந்தை எடுக்கும்போது உள்ளங்கை வியர்க்குமே, அந்த வியர்வைக்கு இந்தக் கணக்கில் காரணமே இல்லை.

கடைசி ஃப்ரேமைப் பாருங்கள். எட்டிலும் ஒன்பதிலும் ஸ்ட்ரைக் போட்டுவிட்டு ஒருவர் பத்தாவதுக்கு நிற்கிறார். பழைய கணக்கில் மூன்று பந்திலும் ஸ்ட்ரைக் என்றால் கடைசி மூன்று ஃப்ரேமுக்கும் சேர்த்து 90. அதுவே முதல் பந்தில் ஒன்பது விழுந்து கடைசிப் பின்னைத் தவறவிட்டால் 57. அந்த ஒரு ஃப்ரேமில் 33 புள்ளி ஊசலாடுகிறது, ஏற்கெனவே போட்ட இரண்டு ஸ்ட்ரைக்கின் மதிப்பும் அதில்தான் தொங்குகிறது. புதுக் கணக்கில் அதே இடத்தில் 90-க்கும் 69-க்கும் நடுவே 21 மட்டும்தான். தவிர பத்தாவது ஃப்ரேமில் அடுத்தடுத்து மூன்று பந்து போடும் அந்த நீண்ட நிமிடமே இல்லாமல் போகிறது. ஒரு ஸ்ட்ரைக், முடிந்தது, கை குலுக்கு. எங்கள் லீக்கில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், கம்பியூட்டர் திரை வருவதற்கு முன்பே தாளில் எழுதி ஆடியவர், முதல் ஆட்டம் முடிந்ததும் பந்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, பத்தாவது ஃப்ரேம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். உண்மையாகவே கவனிக்காமல்தான் கேட்டார். எனக்கு அதற்குமேல் விமர்சனம் தேவைப்படவில்லை.

பௌலிங்கில் விறுவிறுப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தால், இன்னும் தீராத புள்ளியில்தான் இருக்கிறது. ஸ்ட்ரைக் போட்டவர் கடன் கொடுத்தவர் மாதிரி, வசூல் ஆகும்வரை அவருக்கு நிம்மதி இல்லை, எதிராளிக்கும் இல்லை. உடனுக்குடன் கணக்கை முடித்துவிடும் எந்த விதியும் எளிமையாக இருக்கும், ஆனால் இந்த இழுபறியைக் கொன்றுவிடும். இதை வைத்துத்தான் மற்ற மாற்றங்களையும் பார்க்கிறேன்.

பூப்பந்தை, அதாவது பேட்மிண்டனை, உதாரணம் சொல்பவர்கள் உண்டு. 2006-இல் சர்வீஸ் போட்டவருக்கு மட்டும் புள்ளி என்ற பழைய முறையை விட்டு, ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி, 21 வரை என்று மாறியபோது இங்கே எவ்வளவு பேச்சு! இன்று யாரும் பழையதைக் கேட்பதில்லை. மேசைப்பந்தும் 2001-இல் 21-இலிருந்து 11-க்கு வந்தது. ஆனால் அந்த மாற்றங்களில் ஒவ்வொரு ரேலியும் முன்பைவிடக் கனமானது, பழைய முறையில் புள்ளியே இல்லாமல் போன ரேலிகள்கூட எண்ணப்பட்டன. பௌலிங்கில் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள், ஒரு பந்துக்கு முன்பு மூன்று ஃப்ரேமின் மேல் இருந்த பிடி இப்போது ஒரே ஃப்ரேமோடு நின்றுவிட்டது. பூப்பந்திலேயே 11 புள்ளிக்கு ஐந்து செட் என்ற யோசனை 2018-லும் 2021-லும் வாக்கெடுப்பில் தேவையான பெரும்பான்மை இல்லாமல் விழுந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுருக்கினால் விறுவிறுப்பு தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நம்பிவிடவில்லை.

அப்புறம், 2014 நவம்பரில் உலக பௌலிங் டூர் இறுதிப் போட்டியில் வேறு ஒன்றைச் சோதித்தார்கள், எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. மொத்தப் புள்ளியையே விட்டுவிட்டு, கோல்ஃப் மேட்ச் ப்ளே மாதிரி யார் அதிக ஃப்ரேம் ஜெயித்தார் என்று எண்ணுவது. 12 ஃப்ரேம். முதல் பந்திலேயே யாருக்கு அதிகப் பின் விழுகிறதோ அவர் அந்த ஃப்ரேமை எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் ஃப்ரேமைவிட அதிக வித்தியாசத்தில் ஒருவர் முன்னால் போய்விட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எங்கள் மையத்துக் கணினியில் இது இல்லை, அதனால் வழக்கமான ஆட்டத்தை ஓடவிட்டு, தாளில் இரண்டு பெயர் எழுதி கோடு போட்டுக்கொண்டோம். பார்ப்பவருக்கு விளக்க ஒரு வாக்கியம் போதும். இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதுகிற உணர்வு வருகிறது, வழக்கமான பௌலிங்கில் இது வராது, ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஆடுவது போலத்தான் இருக்கும். எதிராளி ஒன்பது போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார், ஸ்ட்ரைக் போட்டால் ஃப்ரேம் உங்களுக்கு, எட்டு போட்டால் அவருக்கு. ஒவ்வொரு முதல் பந்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஆனால் ஸ்பேர் செத்துப்போகிறது. முதல் பந்திலேயே முடிவாகிவிட்டால் இரண்டாவது பந்தைப் போட வேண்டிய அவசியமே இல்லை. பத்தாவது பின் ஒன்று மட்டும் மூலையில் நிற்கும்போது, 60 அடி தூரத்தில், கட்டருக்கு அரை பந்து இடைவெளியில் அதைத் தட்டுவது வலதுகை ஆட்டக்காரருக்கு எவ்வளவு பெரிய பரிசோதனை! அதைப் பார்க்காமல் பௌலிங் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அதனால் நாங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டோம். இருவரும் இரண்டு பந்தும் போட வேண்டும். ஸ்ட்ரைக் ஸ்பேரை வெல்லும், ஸ்பேர் ஓபனை வெல்லும், இரண்டும் ஓபன் என்றால் அதிகப் பின் விழுந்தவருக்கு. இருவருக்கும் ஸ்ட்ரைக், அல்லது இருவருக்கும் ஸ்பேர் என்றால் யாருக்கும் இல்லை, அந்த ஃப்ரேம் அடுத்த ஃப்ரேமோடு சேர்ந்துவிடும். அடுத்ததை ஜெயிப்பவருக்கு இரண்டு. அதுவும் சமன் என்றால் மூன்று. கோல்ஃபில் ஸ்கின்ஸ் என்று ஆடுவதும் இப்படித்தான்.

இது எங்களை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. மூத்தவருக்கும் எனக்கும் ஒரு நாள் ஐந்தாவது ஃப்ரேமில் தொடங்கிய சமன் எட்டாவது வரைக்கும் ஓடியது, நான் ஸ்ட்ரைக் போட்டால் அவரும் போடுகிறார், எனக்கு ஸ்பேர் என்றால் அவருக்கும் ஸ்பேர், ஒன்பதாவதுக்கு வரும்போது ஐந்து ஃப்ரேமின் எடை ஒரே ஃப்ரேமில். பக்கத்து லேனில் ஆடிக்கொண்டிருந்த மாணவர் கூட்டம் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றது, அவர்களுக்கு யாரும் விதி சொல்லவில்லை, தாளில் இருந்த கோடுகளைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முதல் பந்து பாக்கெட்டில், அதாவது முன்னால் நிற்கும் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே, சரியாக விழுந்தும் பத்தாவது பின் அசையாமல் நின்றது. ஸ்பேர் எடுத்தேன். அவர் ஸ்ட்ரைக் போட்டார். ஆட்டம் அங்கேயே அவருடையது. "ஆஹா!" என்று அந்த மாணவர் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். எளிமையும் வேண்டும், தீராத புள்ளியின் இழுபறியும் வேண்டும் என்றால் இரண்டும் இதில் இருக்கிறது. டிவிக்கு, இருவர் மோதும் இறுதிப் போட்டிக்கு, இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோ-டாப் என்று ஒன்று உண்டு, முதல் பந்தில் ஒன்பது விழுந்தாலே ஸ்ட்ரைக். பல மையக் கணினிகளில் இருக்கிறது. வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் சந்தோஷம் தரும், நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரமே புளித்துவிடும். பேக்கர் முறை அணிக்கானது, ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஆட்டத்தை ஆடுவார்கள், முதல் ஆள் 1, 6 ஃப்ரேம், இரண்டாம் ஆள் 2, 7 என்று போகும். புள்ளி விதியில் துளி மாற்றமும் இல்லை, ஆனால் உங்கள் ஸ்ட்ரைக்கின் மதிப்பு அடுத்து வரும் நண்பர் கையில் இருக்கிறது. அதனாலேயே கத்தல், கை தட்டல், தோளில் தட்டல் எல்லாம் தானாக வருகிறது. இன்னும் ஆடாத அலுவலக அணிகள் இருந்தால் அடுத்த வாரமே ஆடிப் பாருங்கள்.

கனடாவின் ஐந்து பின் பௌலிங் வேறு ஆட்டமே என்றாலும் அதன் கணக்கு யோசிக்க வைக்கிறது. 1909-இல் டொராண்டோவில் தாமஸ் ரயன் உருவாக்கியது. கையில் அடங்கும் விரல் துளையில்லாத பந்து, ஃப்ரேமுக்கு மூன்று முறை வீசலாம், ஐந்து பின்னுக்கும் ஒரே மதிப்பு இல்லை: நடுப் பின் 5, அதன் இருபுறமும் 3, ஓரங்களில் 2. மொத்தம் 15, முழு ஆட்டம் 450. எந்தப் பின் விழுந்தது என்பது எண்ணாகவே தெரிகிறது. நம் பத்துப் பின்னில் மூலையில் நிற்கும் ஏழுக்கும் பத்துக்கும் கூடுதல் மதிப்பு கொடுத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்புறம் எல்லாரும் வேண்டுமென்றே மூலைக்கு வீசத் தொடங்குவார்கள், பாக்கெட்டுக்கு வீசும் கலை போய்விடும். நியூ இங்கிலாந்தின் கேண்டில்பின் இன்னொரு எல்லை: விழுந்த பின்களை அகற்றாமல் லேனிலேயே விட்டுவிட்டு மூன்று பந்து. உச்சம் 300 என்றாலும் பதிவான மிக அதிகப் புள்ளி 245 தான். ஆட்டம் கடினமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் தானே திருவிழா, கணக்கை மாற்ற வேண்டிய தேவையே வராது.

நம் ஆட்டம் எளிதாகிப் போனதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகள் வந்ததிலிருந்து பந்து லேனைப் பிடித்துத் திரும்பும் வேகமே வேறு. மையங்களில் லேன் மேல் பூசும் வழக்கமான ஆயில் அமைப்பும் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்று இருப்பதால், கொஞ்சம் தவறி வெளியே போன பந்தும் திரும்பிப் பாக்கெட்டுக்கே வருகிறது. ஸ்ட்ரைக் மலிந்துபோனதற்கு இவைதான் பெரிய காரணம். மலிந்துபோன ஸ்ட்ரைக்குக்கு 30 கொடுத்தால் இன்னும் மலியும். போட்டிகளுக்குச் சமமாக ஆயில் போடும் கடினமான அமைப்புகள் இருக்கின்றன, அவற்றில் பழைய கணக்கோடு ஆடும் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் விறுவிறுப்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

லீக் நடத்துகிறவர்கள் புதுக் கணக்குக்கு மாறும் முன் ஹேண்டிகேப்பை, அதாவது சராசரி குறைந்தவர்களுக்குக் கூட்டிக் கொடுக்கும் புள்ளியை, யோசியுங்கள். புள்ளி எல்லாருக்கும் ஒரே அளவு ஏறுவதில்லை. ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்பேர், மற்ற ஆறு ஃப்ரேமிலும் முதல் பந்தில் எட்டு, இரண்டாவதில் ஒன்றுமில்லை என்று ஓபனாக ஆடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ரைக்குக்கும் ஸ்பேருக்கும் பின்னால் ஓபன் ஃப்ரேமே வருகிறது, ஸ்பேரில் முதல் பந்து 9. பழையதில் 120, புதியதில் 135. மேலே சொன்ன மாற்றி மாற்றி ஸ்ட்ரைக் போட்டவர் 199-இலிருந்து 245-க்குப் போகிறார். 79 ஆக இருந்த வித்தியாசம் 110 ஆகிறது. பழைய சராசரியை வைத்துக்கொண்டு அப்படியே மாறினால் பலவீனமான அணி முதல் வாரத்திலேயே மனம் விட்டுப்போகும். எல்லாருக்கும் சராசரியைப் புதிதாக எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

கணினித் திரை செய்கிறவர்களிடமும் மையம் நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. புதியவர்களின் குழப்பம் விதியில் இருப்பதைவிடத் திரையில்தான் அதிகம். ஸ்ட்ரைக் போட்டதும் கட்டத்தைக் காலியாக விடாமல், இப்போதைக்கு 10, அடுத்த இரண்டு பந்தில் 30 வரை போகலாம் என்று காட்டலாமே! இனி எல்லாம் ஸ்ட்ரைக் என்றால் எட்டக்கூடிய உச்சப் புள்ளி எவ்வளவு என்று சில திரைகள் ஓரத்தில் காட்டுகின்றன. அதைச் சின்ன எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்குக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடியும். அக்கா மகனுக்கு அடுத்த தடவை பழைய கணக்கையே வைத்து, ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்குப் பிறகும் "இன்னும் 20 பாக்கி இருக்கு, போய் எடு" என்று மட்டும் சொன்னேன். அவன் அடுத்த பந்தை எடுத்த விதமே மாறிவிட்டது.

என் மதிப்பெண்: உடனடி 30 முறைக்குக் குடும்பத்துக்கு 5-க்கு 4, போட்டிக்கு 5-க்கு 2. ஃப்ரேம் வெற்றி முறைக்கு அது வந்தபடியே 3, சமன் அடுத்த ஃப்ரேமில் சேரும் விதியோடு 5. பேக்கருக்கு 5. பழைய கணக்கு லீக்கிலும் சாதனைப் பட்டியலிலும் அப்படியே இருக்கட்டும்.

ஆடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: முதல் பந்து வீசும் முன்பே கவுண்டரில் சொல்லி முறையை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் மையத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் ஆட்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். வார இறுதி மாலையில் கூட்டம் அதிகம், ஊழியர்களுக்கு விளக்க நேரம் இருக்காது. வார நாட்களில் மதியம் போனால் பொறுமையாகக் கேட்டு எல்லா முறையையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறார்கள். ஃப்ரேம் வெற்றி முறைக்குக் கணினி வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள்.